எங்கள் வீட்டில் நாய் வளர்ப்பதில்லை

ராஜகீழ்ப்பாக்கம்
2-9-2024

அன்புள்ள ஜெய்னப் அக்காவுக்கு, தங்கை நிகத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் பாட்சா மச்சானும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். இங்கே மூன்று பேரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. முடியவில்லை.

பேனா பிடித்து எழுதுகிறாளே, இவளுக்கு என்ன ஆயிற்று என்று நினைப்பாய். என் போனை அவர் பிடுங்கிக் கடையில் வைத்துப் பூட்டிவிட்டார். எல்லாம் மாஹிராவால்தான். அவளுக்கு நாலு வயது முடிந்த அன்று எடுத்த போட்டோவில் வலது கண் சரியாக விழுந்திருக்கிறது. இடது கண் மட்டும் பூனைக் கண் மாதிரி வெள்ளையாக மின்னுகிறது. விளையாட்டாக அவள் வலது கண்ணைப் பொத்தினேன். வீறிட்டு அழுதாள். "பொழுதன்னிக்கும் போனைக் குடுத்தா கண்ணு கெடாம என்ன பண்ணும்?" என்று அவர் என் மேல் பாய்ந்தார். அலுமினிய ஜன்னல் செய்கிறவர், கண் டாக்டர் மாதிரி பேசுகிறார்.

அவர் போனுக்கு நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அதனால் மீன் விற்க வருகிற முத்தாலம்மாளிடம் கடிதம் கொடுத்தனுப்புகிறேன். வாரத்தில் மூன்று நாள் கோவளத்திலிருந்து நம் தெருவுக்கு வருகிறாளே, பதிலையும் அவளிடமே கொடு. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. துஆ செய்.

நிகத்

கோவளம்
6-9-2024

என் கண்ணான தங்கை நிகத்துக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம். மாஹிராவுக்கு ஆயுளும் ஆரோக்கியமும் குறையாமல் இருக்கட்டும். இங்கே நாங்கள் சுகம். மச்சானுக்குப் படகு மோட்டார் வேலை குவிந்து கிடக்கிறது. கை முழுக்க கிரீஸோடு வந்து சோற்றில் உட்காருகிறார்.

கடிதத்தை முத்தாலம்மாள் நண்டுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தாள். அந்த வாடையோடுதான் படித்தேன். ஒரு போட்டோவில் வெளிச்சம் தப்பாக விழுந்திருக்கும். அதற்குப் போய் இப்படி நடுங்குகிறாயே. மே மாதம் இருபத்தைந்து நாள் என்னிடம் இருந்தாளே, ஒரு குறை உண்டா? அவள் போன பிறகு எனக்கு வீட்டுக்குள் இருக்கவே பிடிக்கவில்லை. எனக்கென்று ஒன்று இல்லையே என்கிற நினைப்பு அந்த இருபத்தைந்து நாளும் வரவில்லை. அதை உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டு. ஜமீர் மாப்பிள்ளையிடம் சண்டை போடாதே. பிள்ளைக்கு என் முத்தம்.

ஜெய்னப்

ராஜகீழ்ப்பாக்கம்
20-9-2024

அன்புள்ள அக்காவுக்கு, ஸலாம். உங்கள் இருவர் உடம்பும் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். நான் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை.

பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்துவிட்டு டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். விழிக்குள் பின்பக்கம் வெள்ளையாக ஒரு கட்டி. அது இரண்டில் ஒன்றாக இருக்கலாமாம். சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற கண் புற்றுநோயாக இருந்தால், மூளைக்கு ஏறுவதற்குள் கண்ணையே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நாய்ப்புழு. நாய்க்குட்டி வயிற்றில் இருக்கிற புழுவின் முட்டை பிள்ளைகள் வாய் வழியாக உள்ளே போய், எப்போதாவது ஒன்று கண்ணில் போய் உட்காருமாம். அதற்கு மருந்து போதும். கண் தப்பிக்கும்.

"வீட்டுல நாய் வளர்க்கறீங்களா?" என்று கேட்டார். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "நாங்க முஸ்லிம், சார். எங்க வீட்டுல நாய் எப்படி இருக்கும்?" என்றார். டாக்டர், "ஆமால்ல" என்று சொல்லி, தாளில் எழுதியிருந்த ஒரு வரியை அடித்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அந்த ஒரு வரியோடு என் பிள்ளையின் கண்ணும் போகிற மாதிரி இருந்தது. நாய்ப்புழுவுக்கான ரத்தப் பரிசோதனையை எப்படியும் செய்யலாமே என்று கேட்டேன். வெளியே அனுப்ப வேண்டும், நாய் சகவாசமே இல்லாத வீட்டுக்கு அது தேவையில்லை என்றார்.

அக்கா, மே மாதம் உன் வீட்டுப் பக்கம் ஏதாவது நாய், நாய்க்குட்டி இருந்ததா? நன்றாக யோசித்துச் சொல். இருந்தது என்று நீ சொன்னால் நான் சந்தோஷப்படுவேன். இப்படி ஒரு ஆசை எந்தத் தாய்க்காவது வருமா?

நிகத்

கோவளம்
4-10-2024

அன்புத் தங்கைக்கு, ஸலாம். பதில் எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். எனக்குக் காய்ச்சல். இப்போது தேவலை. மச்சானும் சுகம்.

உன் கடிதத்தைப் படித்ததில் இருந்து தொழுகைப் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. தர்காவுக்குப் போய் ஃபாத்திஹா ஓதினேன். ஏழைகளுக்குச் சோறு போடுவதாக நேர்ந்திருக்கிறேன். டாக்டர்கள் எதையும் பெரிதாகத்தான் சொல்வார்கள், இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம் அல்லவா? மீன் எண்ணெய் மாத்திரை கண்ணுக்கு நல்லது என்று மச்சான் சொல்கிறார். முத்தாலம்மாளிடம் இரண்டு துண்டு வஞ்சிரம் கொடுத்திருக்கிறேன், முள் எடுத்துப் பிள்ளைக்கு ஊட்டு.

இங்கே வேறு விசேஷம் இல்லை. நம் வீட்டுக்குப் பின்னால் ரங்கனின் பழைய படகு ஒன்று கவிழ்ந்து கிடந்ததே, அதை எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன். இடம் சுத்தமாகிவிட்டது. மழை வேறு ஆரம்பிக்கப் போகிறது.

மாஹிரா என்னைக் கேட்கிறாளா?

ஜெய்னப்

ராஜகீழ்ப்பாக்கம்
11-10-2024

அக்காவுக்கு, ஸலாம். உன் காய்ச்சல் விட்டதா?

தர்கா, மீன் எண்ணெய், வஞ்சிரம், ரங்கன் படகு என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லை. "உங்க அக்கா லட்டர படிச்சிகினே அய்துதும்மா, இன்னா பேஜாருன்னு கேட்டா வாயே தொறக்கல" என்று முத்தாலம்மாள் சொல்கிறாள். ஏன் அழுதாய்?

போன வாரம் எங்கள் தெருவுக்கு ஜெரூஷா என்று ஒரு பெண் வந்தாள். ஏதோ கல்லூரி ஆராய்ச்சிக்காக வீடு வீடாக ரத்தம் எடுக்கிறாள். எதற்குத் தெரியுமா? அதே நாய்ப்புழுவுக்கு. அவள் தாளில் பெயர், வயது, மதம், நாய் வளர்க்கிறீர்களா என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. இவர் வாசலிலேயே மறித்து, நாங்கள் முஸ்லிம், எங்களுக்கு இது வராது என்றார். "வராதுன்னு நீங்க சொல்றீங்க சார். நெஜமாவே வரலையான்னு பார்க்கத்தானே மதம்னு ஒரு கட்டமே போட்டிருக்கோம்" என்றாள் அவள். இவருக்கு ரோஷம் வந்து கையை நீட்டினார். நானும் நீட்டினேன். மாஹிராவுக்கும் எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். பத்து வயதுக்குக் கீழே எடுக்க அனுமதி இல்லையாம். பெரியவர்களின் முடிவு வரவே மாதக்கணக்கில் ஆகுமாம்.

கட்டி இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. ஆம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது.

நிகத்

கோவளம்
21-10-2024

அன்புத் தங்கைக்கு, ஸலாம். எல்லோரும் நலமாக இருக்க அல்லாஹ் அருள் புரியட்டும்.

எங்கள் வீட்டில் நாய் வளர்ப்பதில்லை. உனக்குத் தெரியாதா? இந்தத் தெருவில் பாதி வீடு நம் ஜமாத்துக்காரர்கள். மச்சான் ஐந்து வேளை தொழுகிறவர். மாஹிராவை நான் எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தேன் என்று எனக்கும் அல்லாஹ்வுக்கும் தெரியும். சாயங்காலம் ஆனால் கை காலை நானே என் கையால் கழுவிவிடுவேன், ஒரு தடவை அல்ல, பல தடவை. அந்தச் சுத்தத்தை மீறி ஒரு அழுக்கும் அவளிடம் ஒட்டியிருக்காது.

இதற்கு மேல் என்னைக் கேட்காதே.

ஜெய்னப்

ராஜகீழ்ப்பாக்கம்
18-11-2024

அக்காவுக்கு, ஸலாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ எழுதியதை நம்பினேன், அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. நாள் குறித்துவிட்டார்கள். டிசம்பர் 2, திங்கட்கிழமை காலை இடது கண்ணை எடுக்கிறார்கள். அப்புறம் கண்ணாடிக் கண் வைப்பார்களாம். நிறம் பொருத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நர்ஸ் ஜான்சி எனக்கு ஆறுதல் சொல்கிறாள். ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணி எடுக்கிற மாதிரி.

ஜெரூஷாவை மறுபடி பார்த்தேன், அழுதேவிட்டேன். அவள் சொன்னது ஒன்று மனதில் கிடந்து அறுக்கிறது. "வளர்க்கறீங்களான்னு கேக்கறதே தப்புக்கா. நாய் நக்கறதுல இது வர்றதில்ல. குட்டி மலம் போன எடத்துல முட்டை மண்ணோட மண்ணா கெடக்கும், மாசக்கணக்குல சாகாது. அந்த மண்ணு கைல பட்டு வாய்க்குப் போனா போதும்" என்றாள். நாயைத் தொட்டாளா என்று கேட்காதே, மண்ணைத் தொட்டாளா என்று கேள் என்கிறாள்.

இன்னும் பதினான்கு நாள் இருக்கிறது. மாஹிராவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

நிகத்

கோவளம்
1-12-2024

நிகத்துக்கு, ஸலாம். சுகம் விசாரிக்க எனக்குத் தகுதி இல்லை.

உன் கடிதம் வந்த நாளில் இருந்து எழுதுகிறேன், கிழிக்கிறேன். எழுதத் துணிந்தபோது புயல் எச்சரிக்கை. படகு போகவில்லை, மீன் இல்லை, முத்தாலம்மாள் வரவில்லை. மாப்பிள்ளை போனுக்கு அடித்தேன், அணைந்திருக்கிறது. நேற்று முழுக்கக் காற்று. இனி யாரையும் நம்பி இருக்க முடியாது, இதை நானே கொண்டுவருகிறேன். உன் கையில் கொடுப்பேனா டாக்டர் கையில் கொடுப்பேனா தெரியாது. மாப்பிள்ளை முன்னால் நின்றால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

ரங்கன் படகுக்கு அடியில் மே மாதம் ஒரு தெரு நாய் மூன்று குட்டி போட்டது. மாஹிரா அதில் ஒன்றை விடவே இல்லை. காலையில் மச்சான் கிளம்பியதும் போய் உட்கார்ந்தால் மதியச் சோற்றுக்குத்தான் வருவாள். மடியில் போட்டுக்கொள்வாள், வாயோடு வாய் வைத்துக் கொஞ்சுவாள். தடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நானே பாலும் ஊற்றினேன். அவள் போன பிறகும் அந்த ஒரு குட்டிக்கு இன்று வரை சோறு வைக்கிறேன். மச்சானுக்குத் தெரியாது. வளர்க்கவில்லை, சோறுதான் வைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்கும் அப்படித்தான் எழுதினேன்.

இப்போது சொல்லப்போவதுதான் முக்கியம். நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால் கழுவ வேண்டும் என்று நமக்கு ஓதிக் கொடுத்தார்கள் அல்லவா. ஒரு நாள்கூடத் தவறாமல் மாஹிராவை அப்படிக் கழுவினேன். முகம், கை, உதடு. கழுவிவிட்டேன், இனி ஒரு தோஷமும் இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். நீ கேட்டபோதெல்லாம் அந்த நிம்மதியில்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஹஜ்ரத் சுத்தமான மண் என்றுதான் சொல்லிக் கொடுத்தார். நான், யாரும் பார்ப்பதற்குள் என்கிற அவசரத்தில், கைக்கு எட்டிய மண்ணை எடுத்தேன். படகுக்கு அடியில் இருந்த மண்ணை, நிகத். குட்டிகள் படுத்துக் கிடந்த அதே மண்ணை. அதை என் கையால் அவள் உதட்டில் தேய்த்தேன்.

டாக்டர் அய்யா, நீங்கள் அடித்த வரியை மறுபடி எழுதுங்கள். எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் எழுதுங்கள்.

ஜெய்னப்

ராஜகீழ்ப்பாக்கம்
16-12-2024

அக்காவுக்கு, ஸலாம். அன்று நனைந்ததில் உனக்குச் சளி பிடித்திருக்கும். மிளகுக் கஷாயம் வைத்துக் குடி.

கண் இருக்கிறது. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

அன்று நீ முழங்கால் வரை சேறோடு ஆஸ்பத்திரிக்குள் வந்து நின்றபோது மாஹிராவுக்குப் பச்சை உடுப்பு போட்டாயிற்று. இடது புருவத்துக்கு மேல் பேனாவால் அடையாளமும் போட்டாயிற்று. எந்தக் கண் என்று தப்பு நடக்காமல் இருக்கவாம். கோவளத்தில் இருந்து கேளம்பாக்கம், அங்கிருந்து தண்ணீருக்குள் தாம்பரம் என்று எப்படி வந்தாயோ. தாளை நீட்டினாய். ஈரத்தில் எழுத்து கலங்கி டாக்டருக்குப் புரியாமல் ஜான்சியைப் படிக்கச் சொன்னார். அவள் சத்தமாகப் படிக்க எல்லோரும் கேட்டோம். முடித்ததும் டாக்டர், "இன்னிக்கு ஆபரேஷன் இல்லை" என்றார்.

விழியில் இருந்து துளி நீரும், கையில் இருந்து ரத்தமும் எடுத்து அனுப்பினார்கள். உனக்கும் எடுத்தார்கள் அல்லவா, அதுவும் போயிருக்கிறது. மாஹிராவின் முடிவு நேற்று வந்தது. நாய்ப்புழுதான். மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். கட்டி இருந்த இடத்தில் தழும்பு நிற்கும், பாதிப் பார்வை திரும்பினால் பெரிது. பாதிக்கே நான் நெற்றி தரையில் பட சுஜூதில் விழுந்தேன்.

இவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "எம் புள்ள வாயில நாய் மண்ணைத் தேச்சவங்க. அவங்க இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது, நீயும் அங்க போகக் கூடாது" என்று சொல்லிவிட்டார். எனக்கும் உன் மேல் கோபம்தான். நான் கேட்டபோதே ஆம் என்று ஒரு சொல் எழுதியிருந்தால் மூன்று மாதம் நான் செத்துச் செத்துப் பிழைத்திருக்க வேண்டாம்.

நிகத்

கோவளம்
23-12-2024

அன்புத் தங்கைக்கு, ஸலாம். மாஹிராவுக்கு மருந்து ஒத்துக்கொள்கிறதா?

மாப்பிள்ளை சொன்னது நியாயம். மச்சானிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தார். குட்டியை முத்தாலம்மாள் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். "நா பாத்துக்கறேன், நீ அய்வாத" என்றாள்.

பெரியம்மா எங்கே என்று பிள்ளை கேட்டால் ஊரில் இல்லை என்று சொல். அவள் கண்ணைக் கெடுத்தவள் நான் என்று வளர்ந்த பிறகு அவளுக்குத் தெரிய வேண்டாம். அது ஒன்றுதான் கேட்கிறேன்.

ஜெய்னப்

ராஜகீழ்ப்பாக்கம்
24-1-2025, வெள்ளிக்கிழமை

என் அக்காவுக்கு, ஸலாம். நீ சாப்பிடுவதே இல்லை, இளைத்துப்போய்விட்டாய் என்று முத்தாலம்மாள் சொன்னாள். கேட்டதில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் ரத்தத்தின் முடிவை ஆஸ்பத்திரியில் வாங்கினேன். உனக்கு அந்தப் புழு இல்லை. ஏழு மாதம் குட்டியோடு கிடந்த உனக்கு இல்லை. ஜெரூஷாவும் நேற்று தாள்களோடு வந்தாள். எங்கள் தெருவில் பதினொரு பேருக்கு இருக்கிறது. எல்லா மதத்துக்காரர்களும் அதில் இருக்கிறார்கள். மூன்று நாய் வளர்க்கிற சாம்பசிவன் சார் வீட்டில் ஒருவருக்கும் இல்லை, அவர் நாய்களுக்கு ஒழுங்காகப் புழு மருந்து கொடுக்கிறார். எங்களுக்கு வராது என்று நெஞ்சை நிமிர்த்தினாரே, இவருக்கு இருக்கிறது. எங்கள் மாடி வேலைக்குக் கொட்டிய மணல் ஒரு வருடமாக வாசலில் கிடக்கிறது. தெரு நாய்கள் எல்லாம் அதில்தான் படுக்கின்றன. அந்த மணலை அள்ளுவதும் சலிப்பதும் அவர்தான். மாஹிராவின் கண்ணுக்குப் போனது கோவளத்து மண்ணா, இந்த மண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது என்கிறாள் ஜெரூஷா. தாளைப் பார்த்துவிட்டு இவர் எழுந்து போய்விட்டார். ஆனாலும் உன் மேல் உள்ள கோபம் போகவில்லை, பழி உன் தலையில் இருப்பது அவருக்கு வசதியாக இருக்கிறது.

எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

அக்கா, செப்டம்பரில் அந்த டாக்டர் கேட்டது ஒரு கேள்வி இல்லை, இரண்டு. நாய் வளர்க்கிறீர்களா என்று கேட்டதும் இவர் பதில் சொன்னார். அடுத்து என்னைப் பார்த்து, "குழந்தை மண் தின்னுமாம்மா?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். மாஹிரா ஒரு வருடமாக மண் தின்கிறாள். வாசல் மணலில் உட்கார்ந்து விரலால் எடுத்து எடுத்துத் தின்பாள். இவருக்குத் தெரியாமல் எத்தனையோ முறை வாயைக் கழுவியிருக்கிறேன், அடித்தும் பார்த்தேன். போன நோன்புப் பெருநாள் அன்று, பிள்ளை மெலிந்திருக்கிறாள் என்று இவர் தன் சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும், "புள்ளைக்குச் சோறு போடத் துப்பில்ல உனக்கு" என்று சொன்னார். மண் தின்கிறாள் என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் எப்படிச் சொல்வேன்? இல்லை என்று சொல்லிவிட்டேன். அன்று இருந்தது ஒரே ஒரு வரி அல்ல. நாய் வரியை மதத்தைப் பார்த்து அடித்தார். மண் வரியை என் வாயைப் பார்த்து அடித்தார்.

உனக்கு ஒவ்வொரு கடிதமாக எழுதி ஆம், இல்லை என்று கேட்டேனே, அத்தனை நாளும் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்டேன். நீ ஆம் என்று சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டியிருக்காது. ஜெரூஷா மண் என்று சொன்ன அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதும் டாக்டரிடம் போகவில்லை, உனக்குத்தான் எழுதினேன். பிள்ளையின் புருவத்தில் பேனாவால் கோடு போட்டபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. நீ தாமதமாகச் சொன்னாய். நான் சொல்லவே இல்லை. நீ வராமல் போயிருந்தால் கண்ணை எடுக்க விட்டிருப்பேனா என்று தினமும் என்னையே கேட்கிறேன். விட்டிருப்பேன் என்றுதான் பதில் வருகிறது.

இவர் இப்போது ஜும்ஆ தொழுகைக்குப் போயிருக்கிறார். வந்ததும் சோறு போடுவதற்கு முன்னால் சொல்லப்போகிறேன். கத்துவார், கத்தட்டும். முத்தாலம்மாள் மூன்று மணிக்குத் தெருவைத் தாண்டுவாள். அவரிடம் சொல்லாமல் இதை அவள் கையில் கொடுக்க மாட்டேன், சொல்லப் பயந்தால் அடுப்பில் போட்டுவிடுவேன். இந்தக் கடிதம் உன் கையில் இருக்கிறது என்றால் நான் சொல்லிவிட்டேன்.

வஸ்ஸலாம்.

உன் நிகத்